எல்லோரும் போலி என்று சொன்ன பை

போன வாரம் வண்ணார்பேட்டை அலுவலகத்துக்கு உங்களையெல்லாம் பார்க்க வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஒரே ஒரு அடையாளம் சொல்லுங்க. அத வச்சு இது அசல் பைன்னு அடிச்சுச் சொல்லிரணும்."

அடி பாவி, அப்படி ஒன்று இருந்தால் போலி செய்கிறவன் அதைத்தானே முதலில் செய்வான்? நம்மைவிட அவன் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவன். அவனுக்கு அதுதான் சோறு. அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சிரித்திருக்கக் கூடாது, பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

தையல் எப்படிச் சாய்ந்திருக்க வேண்டும், முத்திரை எவ்வளவு ஆழம் பதிந்திருக்க வேண்டும், ஜிப்பை இழுத்தால் எப்படி ஓட வேண்டும், இதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. ஏலக்காய் எத்தனை போட வேண்டும் என்று எழுதி வைத்தால் பாயசம் வந்துவிடாது.

நான் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு ஆலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். சைவ வீட்டுப் பெண். கத்தரிக்காயைத் தவிர வேறெதையும் கத்தியால் தொடாத குடும்பம். "மரக்கறி தின்னுதவளுக்கு மாட்டுத்தோலோட என்னட்டீ சோலி?" என்று என் பெரியம்மை கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்கிய அன்று மட்டும் கேட்க மாட்டாள்.

நம் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். இணையத்தில் பெரிய பெயருள்ள பை ஒன்றை ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். வாங்குகிறவருக்குச் சந்தேகம். படங்களை நமக்கு அனுப்புகிறார். நாம் அசல், போலி, அல்லது படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதுகிறோம். இந்த மூன்றாவது பதிலைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நம் தொழிலில் பாதி மானம் அதில்தான் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, இணையத்தில் ஆசைப்பட்டு ஒரு பை வாங்கிவிட்டு, பிறகு நமக்குப் படம் அனுப்பினார். விற்றவன் காட்டிய படங்கள் அவ்வளவு அழகு. வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு. வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறு பை. அந்தப் படங்கள் வேறு யாருடைய பையையோ எடுத்தவை. அழகான படத்தை நம்பாதீர்கள். அசிங்கமான படம் கேளுங்கள். அடிப்பக்கத்து மூலை, உள் பாக்கெட்டின் கோடி, கைப்பிடி தேய்ந்த இடம். அவற்றை இன்றைக்கே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் பை இல்லாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். உண்மையாக விற்கிறவர் முணுமுணுத்துக்கொண்டாவது அனுப்பிவிடுவார்.

இனி இரண்டு பைகளின் கதை ஒன்று சொல்கிறேன்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் நமக்குப் படங்கள் அனுப்பியிருந்தாள். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், ஆமினா என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு இல்லை. அவளுடைய கணவர் காசிம் வளைகுடாவில் வேலை. சில வருடங்களுக்கு முன் லீவுக்கு வந்தபோது வாங்கி வந்த பை அது. ஒரு கல்யாண வீட்டில், சென்னையிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி நாலு பேர் முன்னால் அதைத் தூக்கிப் பார்த்து, "இது காப்பி, பாத்தாலே தெரியுதே" என்று சொல்லிவிட்டாள். சோறு பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில் இது நடந்தது. ஆமினா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்தப் படங்களைப் பார்த்தவள் நம் பிரிவில் அப்போதுதான் சேர்ந்த ஒருத்தி. பெயர் வேண்டாம். இப்போது அவள்தான் உங்களுக்கெல்லாம் லீவு கொடுக்கிறாள். அசல் என்று காட்டப் பையோடு வரும் அட்டை எங்கே என்று கேட்டாள், இல்லை. கடை பில், இல்லை. பெட்டி, துணிப்பை, தொங்கும் சீட்டு, எதுவுமே இல்லை. கைப்பிடி கறுத்திருக்கிறது, தண்ணீர்க் கறை வேறு. 'பெரும்பாலும் போலி' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

எனக்கு அது தெரிய வந்தபோது பதில் போய்விட்டது. அவளை உட்கார வைத்துச் சொன்னேன். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியையும் பில்லையும் வீட்டுக்குக் கொண்டு வர மாட்டார்கள். விமான நிலையத்தில் சுங்கக்காரர் கேள்வி கேட்பார் என்று எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, பைக்குள் பழைய சட்டை நாலைத் திணித்து, பத்து வருடம் தூக்கிய பை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள். இந்தப் பக்கத்தில் அசல் பை அனாதையாகத்தான் வந்து இறங்கும். போலிக்குத்தான் ஜாதகம் சுத்தமாக இருக்கும்.

"அப்ப இது அசலாக்கா?" என்று கேட்டாள்.

"நான் எங்கட்டீ அசல்னு சொன்னேன்? பில் இல்லாததுனால போலியாகாது. அவ்வளவுதான் சொன்னேன். பைய நேருல கொண்டுவரச் சொல்லு."

அவள் தகவல் அனுப்பினாள். மறுநாள் காலையில் வருகிறோம், நாத்தனாரும் வருகிறாள், அவளிடமும் அதே மாதிரி பை இருக்கிறது என்று ஆமினா பதில் போட்டாள்.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. காசிம்தான். நாம் அனுப்பிய பதிலை, மறுநாள் இங்கே வரப்போவதையும் எழுதி, ஆமினா அவருக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் நம் எண் இருந்தது.

"அக்கா, நாளைக்கு எம் பொண்டாட்டியும் தங்கச்சியும் அங்கன வாறாவ. ஆளுக்கொரு பை கொண்டாருவாவ. பொண்டாட்டி பைய அசல்னு சொல்லிருங்க."

"பாக்காம எப்படிச் சொல்லுவேன்?"

"பாத்தா காப்பின்னுல்லா சொல்லுவிய. வாங்குனவன் நான். எனக்குத் தெரியாதா?"

பிறகு அவரே எல்லாவற்றையும் கொட்டினார். அந்த வருடம் அசலாக ஒன்றுதான் அவரால் வாங்க முடிந்தது. காயல்பட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமானால் ஆண்பிள்ளை மனைவி வீட்டில்தான் குடியிருப்பார். அக்கா தங்கைகள் தாய் வீட்டிலேயே இருப்பார்கள். பயணத்திலிருந்து வருகிறவர் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வரும். அதனால் அதே மாதிரி காப்பி ஒன்றும் வாங்கினார். அசலைத் தங்கைக்குக் கொடுத்தார். முதல் பயணத்துக்கு அவரிடம் ஒன்றும் இல்லாதபோது, கேட்காமலே கைவளையலைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். காப்பியை மனைவிக்குக் கொடுத்து, அசல் என்று சொன்னார்.

"அடுத்த மாசம் லீவுக்கு வாறேங்க்கா. 'எங்க வீட்டு வாசல்ல கால் வைக்காதிய'ன்னு சொல்லிட்டா. போனையும் எடுக்க மாட்டேங்கா. அவ வீட்டுக்குப் போகலன்னா ஊருல எனக்கு எங்கன வீடு? புள்ளைய ரெண்டும் அங்கனதான இருக்கு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எளிதாகத் திட்டி வைத்திருப்பேன். ஒரு மனிதன் தன் வீட்டுக்கு வர என்னிடம் வழி கேட்கிறான், நான் தோலையும் நூலையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? இருந்தாலும் அதைத்தான் பேசினேன்.

"நான் பையப் பாப்பேன். உள்ளதச் சொல்லுவேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"ஒரு பொய்யிதானக்கா," என்றார்.

போனை வைத்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது. அவர் பொய் சொல்லச் சொன்னதற்காக இல்லை. பையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது போலி என்று என் தலைக்குள் ஏற்றிவிட்டாரே என்பதற்காக.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆமினா உட்காரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. தங்கை ஜைனபு அதற்கு நேர்மாறு. வந்ததும் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க ஊருல வெயிலுக்கு இரக்கமே கிடையாதாக்கா?" என்று கேட்டாள். அண்ணன் மனைவியை மைனி மைனி என்று கூப்பிட்டுக்கொண்டு, இடையிடையே அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமினாவின் பையை மேசையில் வைத்தேன். கைப்பிடித் தோல் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. சாயம் பூசாத நல்ல தோல் கை பட்டுப் பட்டு அப்படித்தான் கறுக்கும். ஓரத்தில் தண்ணீர்க் கறை. அதுவும் அப்படித்தான் பிடிக்கும். சென்னைக்காரி பார்த்து முகம் சுளித்தது இதைத்தான். மூலைகளைப் பார்த்தேன். தையலைப் பார்த்தேன். உள்ளே கையை விட்டுத் துழாவினேன். உலோக வளையங்களைத் திருப்பினேன். எனக்குக் குழப்பமாகிவிட்டது. பை எனக்கு அசல் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு எதிரே மூன்று சாட்சி. கல்யாண வீட்டில் ஒருத்தி போலி என்றாள். நம் அலுவலகமே போலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. வாங்கியவரே நேற்று சாயங்காலம் போலி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். வாங்கினவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? அதைவிட மோசமான சந்தேகம் ஒன்றும் வந்தது. அந்த மனிதன் மேல் இரக்கப்பட்டு, என் கண் எனக்கே தெரியாமல் பொய் சொல்கிறதோ என்று.

பதற்றம் வந்தால் நேரம் வாங்குங்கள். நான் கலர் சோடா வாங்கி வரச் சொன்னேன். இருவரும் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். இந்தத் தடவை அசலுக்கான அடையாளத்தைத் தேடவில்லை. இது போலிதான், எங்கேயோ தப்பு இருக்கிறது, அதைப் பிடிக்காமல் விட மாட்டேன் என்று பகையாளி மாதிரி பார்த்தேன். நல்ல பகையாளிக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

வந்து உட்கார்ந்து, "இது அசல்" என்றேன்.

ஆமினா சந்தோஷப்படவில்லை. பாட்டிலைக் கீழே வைத்தாள். "நெசமாவாக்கா?"

"நெசந்தான். எங்க ஆளுதான் தப்பா எழுதிட்டா. திருத்தி எழுதித் தாறேன்."

"அல்லாவே," என்றாள். "அவுகள நான் என்னெல்லாம் ஏசிட்டேன்! வாய்க்கு வந்ததெல்லாம் ஏசிட்டேனே." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. "ஜைனபு, ஒன்னதையும் காட்டு. ரெண்டும் ஒரே கடையில வாங்குனதுதான."

"என்னது எதுக்கு மைனி? வாங்க, பஸ்ஸ விட்டுருவோம்."

"காட்டுட்டீ. என்ன இப்ப?"

"அவங்க பை. அவங்க கேட்டாத்தான் பாப்பேன்," என்று நான் இடையில் புகுந்தேன். இதுவும் தொழிலில் ஒரு விதி. பைக்குச் சொந்தக்காரர் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. ஆனால் நான் தடுத்ததே ஆமினாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அவள் கண் என்னையும் ஜைனபுவையும் மாறி மாறிப் பார்த்தது. ஜைனபு அதைக் கவனித்துவிட்டாள். ஒரு பெருமூச்சு விட்டு, பையிலிருந்த சாமான்களை மடியில் கொட்டிவிட்டு, பையை என் பக்கம் தள்ளினாள்.

"பாருங்கக்கா. உள்ளதச் சொல்லுங்க."

அதற்கு ஜன்னல் வெளிச்சம் தேவைப்படவில்லை. அத்தனை வருடம் தூக்கியும் கைப்பிடி வாங்கிய அன்று இருந்த அதே வெளுப்பு. ஓரத்துப் பூச்சு பழைய சைக்கிள் மாதிரி செதில் செதிலாக எழும்பியிருந்தது. வளையத்தில் தங்க முலாம் போய் வெள்ளைத் தகரம் பல்லிளித்தது. ஆனால் தூரத்தில் வைத்துப் பார்த்தால் இதுதான் பளபளப்பு. தெரியாதவர்கள் இதைத்தான் அசல் என்பார்கள்.

"இது காப்பி," என்றேன்.

கணவர் தன் தங்கைக்குக் காப்பியையும் மனைவிக்கு அசலையும் கொடுத்திருக்கிறார் என்று புரிந்ததும் ஆமினாவின் முகத்தில் வந்தது வெற்றி இல்லை, கூச்சம். ஜைனபுவோ சிரித்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும் மைனி. மீனு வாங்கப் போற பைக்கு அசலென்ன, காப்பியென்ன?" என்று சாமான்களை அள்ளி உள்ளே போட்டாள்.

காசிம் சொன்னதற்கு எல்லாம் நேர்மாறாக இருந்தது. அவர் என்னிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற பொய்யை யாராவது சொல்வார்களா?

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். ஐந்து நிமிடத்தில் ஜைனபு மட்டும் திரும்பி வந்தாள். "கண்ணாடிய விட்டுட்டேன்" என்றாள். கண்ணாடி அவள் கையிலேயே இருந்தது.

"காக்கா ஒங்களுக்குப் போன் பண்ணுனாகளா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அம்மாவை உம்மா என்பார்கள்.

நான் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடி வைத்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பண்ணியிருப்பாகன்னு நெனச்சேன். அவுக அன்னைக்கு மொதல்ல எங்க உம்மா வீட்டுக்குத்தான் வந்தாக. ரெண்டு பையையும் எடுத்து வச்சி, 'இது ஒனக்கு, இதுதான் அசலு, மைனிட்ட சொல்லிராத'ன்னாக. அவுக குளிக்கப் போனதும் நான் ரெண்டையும் மாத்தி வச்சிட்டேன். அவுக கவனிக்காம எடுத்துட்டுப் போயிட்டாக."

"ஏன் அப்படிச் செஞ்சிய?"

அவள் என்னை, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "அவுக குடியிருக்கப் போறது மைனி வீட்டுலல்லா? பொய்யக் கொண்டுபோயி அந்த வீட்டுல வச்சிட்டு, அங்கன எப்படிக்கா நிம்மதியா ஒறங்குவாக?"

"காக்காட்ட சொல்லலாம்லா?"

"சொன்னா மனசு ஒடஞ்சிரும். பாசத்துல தந்தத வேண்டாம்னு தள்ளுன மாதிரி ஆயிரும். நீங்களும் சொல்லிராதிய."

கீழேயிருந்து ஆமினா கூப்பிட்டாள். இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அத்தனை வருடமாகக் காப்பி என்று தெரிந்தே அந்தப் பையைத் தூக்கியிருக்கிறாள். ஒரே ஒரு குறை. அவள் பொய்யை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட்டாள், அண்ணன் மனதிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். காசிம் அந்த வருடங்களில் ஒரு நாளும் நிம்மதியாக உறங்கியிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே காசிம் கூப்பிட்டார். குரல் ஆளே மாறியிருந்தது. ஆமினா போனை எடுத்துவிட்டாளாம். மன்னிப்புக் கேட்டு அழுதாளாம். சீக்கிரம் வாங்க என்றாளாம்.

"அக்கா, ஒங்க கடன நான் தீக்கவே முடியாது. எனக்காவப் பொய் சொன்னியள்ளா."

"நான் பொய் சொல்லல. அது அசல்தான்."

"சரிக்கா, சரி. ஆனா தங்கச்சி பைய எதுக்குக் காப்பின்னுட்டிய? பாவம்லா அவ. ஒருவேள ரெண்டையும் அசல்னா நம்ப மாட்டான்னு நெனச்சிட்டியளோ? நீங்க பெரிய கெட்டிக்காரிதான்!"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஓய், உம்ம தங்கச்சி காலைத் தொட்டுக் கும்பிடும் என்று சொல்லியிருப்பேன். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளின் முகம் வந்து தடுத்தது. அவள் பையைப் பற்றி அவள் சொன்னதை வெளியே சொல்ல எனக்கு என்ன உரிமை? "பை ரெண்டையும் பாத்தேன், உள்ளதச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்படியே வச்சிக்கிடுவோம்க்கா," என்று சிரித்தார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பையை மட்டும் பாருங்கள். கல்யாண வீட்டுப் பேச்சு, பில், அட்டை, வாங்கியவனின் வாக்குமூலம், எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். தெரிந்ததைக் கேட்டவரிடம் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் அதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தால் வேறு வேலை பாருங்கள்.

லீவுக்கு வந்த காசிம் ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் பெரிய பேரீச்சம்பழ டப்பா. ஆமினாவும் பிள்ளைகளும் கீழே கடையில் நிற்கிறார்கள் என்றார். ஆள் நன்றாக உறங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். டப்பாவை என் மேசையில் வைத்து, தப்பாக எழுதிய அந்தப் புதுப் பெண்ணுக்குக் கேட்காதபடி குனிந்து, "அந்தப் பொய்யிக்கு, அக்கா" என்றார்.

உண்மையைச் சொன்னதற்காக இந்தத் தொழிலில் எனக்கு யாரும் பேரீச்சம்பழம் தந்ததில்லை. அன்றைக்கும் தரவில்லை.